பிடிவாதக்காரி மூழ்கவில்லை

காலை ஏழேகால். தல்காவேயில் மழை.
இந்தத் தீவில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை.
போனில் ரொசமேல் சிகுவாய்:
"மகளே, என் படகு மூழ்கிவிட்டதாமே?
சமையலறை ஜன்னலில் நிற்கிறேன்,
அதோ கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறாள்.
அவளிடம் யார் போய்ச் சொல்வது?"

படகின் பெயர் லா போர்ஃபியாதா. பிடிவாதக்காரி.
நகராட்சியின் படகுப் பதிவேட்டை
முந்தாநாள் தளத்தில் ஏற்றியவள் நான்.

திறந்து பார்த்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள், அத்தனையும் கடலடியில்.
புயலில்லை, பாறையில்லை.
ஒரு துறைமுகத்தையே
உட்கார்ந்த இடத்திலிருந்து மூழ்கடித்திருக்கிறேன்,
கையில் மாத்தே குவளையோடு.

முதலில் பழி கேஷ் மேல். தொழில் வழக்கம்.
துடைத்தேன். கிடந்த இடத்திலேயே கிடந்தன.
பிளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்தேன்:
தொடர்புப் படிவம் செத்தது, படகு எழவில்லை.
டெம்ப்ளேட் கோப்பின் பெயரில் பிழையோ?
இல்லை, படகு வகைக்குப் படகுக் கோப்புதான்.
தீமை மாற்றினேன். தீமை திரும்ப வைத்தேன்.
மதியச் சாப்பாடு ஆறியது.

பிறகுதான்
எவரும் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன்:
நிபந்தனைக்கு ஒரு வரி முன்னால்
மதிப்பை அச்சிட்டேன். மிதக்கிறது.
ஒரு வரி பின்னால். மூழ்கியது.
இடையில் ஒரே வரி.
அவ்வளவுதான் அந்தக் கடலின் அகலம்.

இரண்டு சமக்குறி போட்டால் கேள்வி:
நீ மூழ்கினாயா?
ஒன்று போட்டால் கட்டளை:
மூழ்கு.
சொன்னபடி கேட்டன எல்லாம்,
பிடிவாதக்காரி உட்பட.

எங்கள் ஸ்பானிஷில் 'சி' தலையில்
ஒரு கீற்று இருந்தால் 'ஆம்',
கீற்றில்லாவிட்டால் 'என்றால்'.
காதுக்கு இரண்டும் ஒன்றே.
பள்ளியில் அந்தக் கீற்றுக்காக
மதிப்பெண் இழந்துகொண்டே இருந்தவள்
வளர்ந்து வேலைக்கு வந்திருக்கிறேன்.

இன்னொரு சமக்குறி. சேமி.
"எழுந்துவிட்டாள்" என்றேன் ரொசமேலிடம்.
"தெரியும்," என்றார்,
"காலையிலிருந்து நான்தானே தண்ணீர் இறைக்கிறேன்."

மூன்று மணிக்கு நோல்ஃபா பர்ரியா நேரில் வந்தாள்.
குடையில்லை. கம்பளிப் போர்வையில் புகை நாற்றம்.
பேத்தியின் போனை மேசையில் வைத்தாள்,
ஏதோ செத்த மீனை வைப்பதுபோல.
அவள் தம்பியின் படகு.
நிலை: மிதக்கிறது.
துறை திரும்பிய நாள்: 31 டிசம்பர் 1969.

"அன்று அர்த்தேமியோவுக்கு ஆறு வயது.
அந்தப் படகு அப்போது
காட்டில் மரமாக நின்றிருக்கும்."

நாள் கொடுக்காத கட்டத்தில்
இயந்திரம் தன் பூஜ்யத்தைப் போடும்:
எழுபதின் முதல் நொடி.
லண்டனில் அது புத்தாண்டு;
நமக்கு இன்னும் பழைய ஆண்டின் கடைசி ராத்திரி.
இதை அவளுக்கு விளக்கப் பார்த்தேன்.
விளக்கக் கூடாது என்று பாதியில் தெரிந்தது.

மூழ்கியது என்றால் இது; இல்லையெனில் அது.
நான் எழுதியது அவ்வளவே.
நிலை காலியாக இருந்தவனை
அந்த 'இல்லையெனில்' கரையேற்றிவிட்டது.
காலைப் பிழையில் அவன் செத்திருந்தான்.
என் திருத்தத்தில் வீடு வந்துவிட்டான்.

"மூழ்கியது என்று மாற்றட்டுமா?"
"யார் பார்த்தது?"
"அப்படியானால்?"
"எண்பத்தேழு, ஜூலை நான்கு, புறப்பட்டான்.
தெரிந்தது அதுதான். அதை எழுது."

அவள் எதிரிலேயே மூன்றாவது கிளை எழுதினேன்.
புறப்பட்ட நாள். அதன் கீழே எதுவும் அச்சிடாதே.
இம்முறை சமக்குறிகளை விரலால் எண்ணினேன்.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"கீழே அந்த வெள்ளை?"
"காலியிடம். வேண்டாமென்றால் சுருக்கலாம்."
"வேண்டாம். விடு."

ஒரு பிரதி கேட்டாள்.
பிரிண்டரில் கறுப்பு மை தீரப்போகிறது
என்று சிவப்பு விளக்கு மூன்று நாளாக எரிகிறது.
அந்தப் பக்கத்துக்கு
அதிகம் தேவைப்படவில்லை.